துரை விழுந்த வயல்

என் முதலாளி சண்டை விமானம் ஓட்டியவர். யுத்த காலத்தில் இங்கிலாந்துக் கடலோரத்தில் ஜெர்மன்காரனோடும், கொழும்புக்கு மேலே ஜப்பான்காரனோடும் மல்லுக்கு நின்றவர். அப்பேர்ப்பட்ட மனிதர் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் என் தொடையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எதிரே கரும்பு லாரி ஒன்று வந்தது. எங்கள் டிரைவர் ஒதுங்கவில்லை, லாரிக்காரரும் ஒதுங்கவில்லை. கடைசி நொடியில் இரண்டு பேரில் யாரோ ஒருவருக்கு மனசு மாறியதால் இதை எழுத நான் இருக்கிறேன்.

இந்த டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார் முதலாளி. கேட்டேன். கண்டக்டர் பெரிதாகச் சிரித்து, அண்ணன் இந்த ரூட்டில் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவார் என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. இருக்கிறதாம் என்று மட்டும் சொன்னேன்.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். பெயர் காதர். அத்தாவுக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். டென்ஹாம் என்கிற இந்த வெள்ளைக்காரர் நடத்தும் கப்பல் சரக்கு ஆபீசில் நான் குமாஸ்தா. அங்கே நான் அவரை மிஸ்டர் டென்ஹாம் என்பேன், அவர் என்னைக் காதர் என்பார், அதோடு சரி. இங்கே வந்து இறங்கின மாத்திரத்தில் அவர் துரை ஆகிவிட்டார், நான் துரையோட ஆள் ஆகிவிட்டேன். சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆகி, திராவிடக் கட்சி ஆட்சிக்கும் வந்த பிறகு இன்னுமா துரை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தப் பேரைச் சொன்னால் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

துரை வந்தது ஒரு ஆளைத் தேடி. யுத்தத்தின்போது கொஞ்ச காலம் அவருக்குத் தஞ்சாவூர் விமானத் திடலில் வேலை. ஒரு புரட்டாசி மாதத்தில் தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது, திருவாரூர் பக்கத்தில் என்ஜின் நின்றுபோனது. கீழே பார்த்தால் ஒரே வயல். மெத்து மெத்தென்று தெரிந்த ஒன்றைப் பொறுக்கி அதில் இறக்கிவிட்டார். சேறு பிடித்துக்கொண்டதால் உயிர் பிழைத்தார். விமானத்துக்குள் மயங்கிக் கிடந்தவரை ஒரு கிராமத்து ஆள் வந்து, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டு மயக்கம் தெளிவித்து, இழுத்து வரப்பில் போட்டானாம். அந்த அறை இல்லாவிட்டால் நான் இல்லை என்று ஆபீசில் ஒவ்வொரு வருஷக் கடைசி விருந்திலும் துரை சொல்லுவார். கதை எங்களுக்கு மனப்பாடம். அவர் கன்னத்தைத் தடவும்போதே நாங்கள் பிளேட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் தடவை நெய்ச்சோறு போட்டுக்கொள்ளப் போய்விடுவோம்.

எத்தனை விமானத்தைச் சுட்டீர்கள் என்று வழியில் கேட்டேன். சுட்டதைவிட நம் பக்கத்து விமானங்களைத் தொலைத்ததுதான் அதிகம் என்றார். ஒன்று கடலில், ஒன்று கொழும்புக்கு வெளியே தென்னந்தோப்பில், ஒன்று இந்த வயலில். நியாயமாகப் பார்த்தால் எதிரிதான் எனக்கு மெடல் தந்திருக்க வேண்டும் என்றார். இப்படிப் பேசுகிறவர் என்பதால்தான் அவரோடு வேலை பார்க்க முடிகிறது.

கூத்தாநல்லூரில் என் மாமி வீட்டில், அதாவது அத்தாவின் தங்கை வீட்டில், இறங்கினோம். நெய்ச்சோறு, தால்சா, கறிக் குழம்பு, அதற்கு மேலே தம்ரூட். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்துத் தம் போட்டு எடுத்த இந்தப் பதார்த்தத்தை என் அம்மாவும் சிங்கப்பூரில் செய்வாள். அவள் செய்ததைத் தம்ரூட் என்று நம்பி இத்தனை நாள் சாப்பிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை அம்மா படிக்க மாட்டாள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். துரை மூன்று துண்டு சாப்பிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற மாமி, "ஏன்டா காதரு, இந்த மனுசன் என்னடா வேகவச்ச எறா மாதிரி செவந்து கெடக்காரு, வெயில்ல அலையவிட்டியா?" என்று என்னைத் திட்டினார். மாமி என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். நீங்கள் நல்ல நிறம் என்கிறார் என்றேன்.

மறுநாள் திருவாரூர் போய், அங்கிருந்து தெற்கே ஒரு பஸ். பாதி வழியில் பஸ் நின்றது. சாலை நிறைய விவசாயத் தொழிலாளர்கள், ஆணும் பெண்ணும், கையில் செங்கொடி. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு ஊர்வலம். அடுத்த திருப்பத்தில் கறுப்பு சிவப்புக் கொடி கட்டிய டீக்கடை, அதற்கு எதிரே மிராசுதார்கள் சங்கத்துக் கார் ஒன்று. சிங்கப்பூரில் பத்து பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் வந்து என்ன விசேஷம் என்று கேட்கும். இங்கே ஊர்வலத்தில் வந்த ஒரு அம்மா கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகத் தண்ணீர் வாங்கிக் குடித்து, செம்பைத் திருப்பித் தந்துவிட்டு மறுபடியும் கோஷத்தில் சேர்ந்துகொண்டார்.

பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு விஷயத்தை விளக்கினார். புதுச் சட்டம் வந்திருக்கிறது, எந்த வயலை எந்தக் குத்தகைக்காரன் சாகுபடி செய்கிறானோ அவன் பேரைத் தாசில்தார் வந்து விசாரித்துப் பதிவு செய்கிறார், பேர் ஏறிவிட்டால் மிராசுதார் அவனை லேசில் வெளியேற்ற முடியாது. அதனால் பேர் ஏறுவதற்கு முன்னாலேயே வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று சொல்லி அவர் வெற்றிலை போட்டுக்கொண்டார். இதைத் துரைக்குச் சொன்னேன். சிங்கப்பூரில் நம் வீட்டு வாடகைதாரர் சங்கடம் மாதிரிதான் என்றார்.

நாங்கள் போன ஊருக்கு ஆலங்கரை என்று பேர் வைத்துக்கொள்வோம். பஸ் போகாத ஊர். மாட்டு வண்டியில் போனோம். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது, பாதை முழுக்கச் சகதி. துரை எழுந்து நின்று தூரத்தில் எதையோ கைகாட்டிய நேரத்தில் மாடு ஒரு எம்பு எம்பியது. யுத்தத்தில் விழுந்ததற்கு அப்புறம் இது இரண்டாம் முறையாக அவர் தஞ்சாவூர் ஜில்லாச் சேற்றில் இறங்கினார். வண்டிக்காரர் பதறிப்போனார். துரையோ சேற்றில் உட்கார்ந்தபடி சிரித்தார்.

டீக்கடையில் விசாரித்தேன். விமானம் விழுந்த வயல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏரோப்ளேன் வயல் என்றே அதற்குப் பேராம். சரி, விமானத்தில் இருந்தவரைத் தூக்கிய ஆள் யார் என்றேன். கடையில் சட்டென்று பேச்சு நின்றது.

"அங்க ஆளே இல்லீங்களே. அது பண்ணை வயலு. மருதமுத்து அந்தப் பக்கமே வரலீங்க" என்றார் டீ ஆற்றியவர்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் தலையாட்டி, மருதமுத்து அந்தப் பக்கமே வரவில்லை என்றார்கள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று அதையே சொல்லிவிட்டுப் போனார். மருதமுத்து என்கிற பேரை நாங்கள் எடுக்கவே இல்லை. அப்படி ஒரு ஆள் இருப்பதே அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் ஒரு பெரியவர் துரையின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். ஹெலிகாப்டரிலும் விமானத்திலும் வந்து பயிருக்குப் பூச்சி மருந்து தெளிப்பார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்து ஆள் என்று துரையை நினைத்துவிட்டார். வெள்ளைக்காரர், விமானம் ஓட்டுகிறவர், வேறு எதற்கு ஆலங்கரைக்கு வருவார்? போன போகத்தில் மருந்தெல்லாம் பக்கத்து ஊர் வயலில் விழுந்து, தன் வயலைப் புகையான் பூச்சி தின்றுவிட்டது, இந்த முறை இன்னும் கொஞ்சம் தாழப் பறக்கச் சொல்லு தம்பி என்றார். சொன்னேன். இதைவிடத் தாழ எனக்குப் பறக்கத் தெரியாது, போன முறை வயலையே தொட்டுவிட்டேன் என்றார் துரை.

மருதமுத்து வீட்டில் அவருடைய மருமகள் அஞ்சலை இருந்தாள். முப்பது வயசு இருக்கும். மாமனார் திருக்கடையூருக்குப் போயிருக்கிறார், சொந்தத்தில் அறுபதாம் கல்யாணம் என்றாள். சொல்லிவிட்டு, வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று சோறு போட்டாள். வயல் நண்டைத் தட்டிப்போட்டு மிளகு ரசம். சிங்கப்பூரில் கையளவு நண்டைப் பெரிய தட்டில் வைத்து ஊரை அடித்து உலையில் போடுவார்கள். இந்தச் சுண்டுவிரல் நண்டின் ரசத்துக்கு முன்னால் அதெல்லாம் நிற்காது. துரை கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, மறுபடியும் கிண்ணத்தை நீட்டினார்.

அப்போது கொல்லையில் இருந்த வைக்கோல் போர் தும்மியது.

நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். போர் இன்னொரு தடவை தும்மியது. மாடு என்றாள். கேட்டேன், மாடு முன்னால்தான் கட்டியிருக்கிறதே என்று. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைக்காரர் வந்திருக்கிறார் என்றதும், பிடித்துப்போகத்தான் வந்திருக்கிறார் என்று மாமனார் போருக்குள் புகுந்துகொண்டாராம்.

அந்தக் காலத்தில் விமானம் விழுந்த மறுநாள் பட்டாளத்து லாரியும் போலீசும் வந்து, ஆபீசர் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறதே, எவன் அடித்தது, இது யார் வயல் என்று கேட்டார்களாம். மருதமுத்துவைக் காப்பாற்ற ஊர் பட்டாமணியார் ஒரே போடாக, இது பண்ணையின் சொந்தச் சாகுபடி, இங்கே யாரும் இல்லை, மருதமுத்து இந்தப் பக்கமே வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. கேட்டாலும் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும். பிறந்த பிள்ளைகளும் அதைச் சொல்லியே வளர்ந்தன. இப்போது பண்ணை அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டது. அன்றைக்கே ஊர் சொன்னதுதானே, அது எங்கள் நேரடிச் சாகுபடி, மருதமுத்து கூலிக்கு வந்த ஆள், குத்தகைக்காரன் இல்லை என்கிறார்கள். மறுநாள் தாசில்தார் பள்ளிக்கூடத்தில் வந்து விசாரித்து முடிவு சொல்லப் போகிறார். அதுவரைக்கும் வயலில் ஏர் இறக்கக் கூடாது. அஞ்சலையின் அண்ணன் நிலத்தில் விட்டிருக்கும் நாற்றோ முற்றிக்கொண்டிருக்கிறது.

"இந்த வயலு போச்சுன்னா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

துரையிடம் சொன்னேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் வந்து சொல்கிறேன், இந்த ஆள்தான் அங்கே இருந்தார், என் உயிரைக் காப்பாற்றினார் என்று சொல்கிறேன் என்றார். அஞ்சலைக்குப் பாதி சந்தோஷம், பாதி பயம். அடித்ததை ஒத்துக்கொண்டால் போலீஸ் பிடிக்காதா என்றாள். அடி வாங்கினவரே புகார் இல்லை என்கிறாரே என்றேன். "அவரு சொல்ல மாட்டாரு. சர்க்காரு?" என்றாள். கடைசியில் அவள் கொல்லைப்பக்கம் திரும்பி, வைக்கோல் போருக்குக் கேட்கிற மாதிரி, நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால் நான் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சத்தமாகச் சொன்னாள். போர் லேசாக அசைந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஊரே இருந்தது. தாசில்தார் சின்ன வயசுக்காரர், மூக்குக்கண்ணாடி, அதிகம் பேசாதவர். பண்ணை மிராசுதார் வரவில்லை. அவருடைய காரியஸ்தர் வந்திருந்தார், மடிப்புக் கலையாத வேட்டி, தேன் மாதிரிப் பேச்சு. மருதமுத்து வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். ஒல்லியான, நெடு நெடு என்று வளர்ந்த மனிதர். துரை பாய்ந்து போய்க் கையை நீட்டினார். அவர் இரண்டடி பின்னால் போனார்.

முதலில் துரையைப் பேசச் சொன்னார் தாசில்தார். துரை ஆபீஸ் விருந்துக் கதையை அப்படியே சொன்னார். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். மயங்கிக் கிடந்தேன், இவர் அறைந்து தெளிவித்தார், இழுத்துப்போட்டார், இவர் நல்ல மனிதர். ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேஸ் நம் பக்கம் வந்துவிட்டது என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன்.

காரியஸ்தர் எழுந்தார். துரை சொன்னதெல்லாம் சத்தியம், நாங்கள் மறுக்கவில்லை என்றார். "உசுருக்குப் போராடுற மனுசன தட்டி எழுப்புறதும் தூக்குறதும் புண்ணியம்ங்க. அந்த வழியா போற எவனும் செய்வான். பண்ணையாளும் செய்வான். அதுல சாகுபடி எங்கங்க வந்துச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சொன்னது சரிதான். துரையின் அழகான கதை எதற்கும் உதவாது. ஒருவன் நல்லவன் என்பதால் வயல் அவனுடையது ஆகிவிடுமா? போதாக்குறைக்குப் பின்வரிசையிலிருந்து யாரோ பழக்கதோஷத்தில், மருதமுத்து அந்தப் பக்கமே வரலீங்க என்று குரல் கொடுத்தார். அஞ்சலை திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த ஆள் எரிந்துபோகாதது ஆச்சரியம்.

மருதமுத்துவைக் கூப்பிட்டார்கள். தலையில் இன்னும் ஒரு வைக்கோல் துண்டு இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீங்கள் இந்தத் துரையை அடித்தீர்களா என்று தாசில்தார் கேட்டார். அவர் கட்டின கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். காரியஸ்தர் பக்கத்தில் வந்து ரொம்ப அன்பாக, "ராணுவ ஆபீசர அடிச்சேன்னு சொல்றது லேசுப்பட்ட விசயம் இல்ல மருதமுத்து, யோசிச்சுச் சொல்லு" என்றார். இவர் இல்லை என்றால் வயல் போயிற்று. ஆமாம் என்றாலும், மயக்கம் தெளிவிக்க அடித்தேன் என்றால் அப்போதும் போயிற்று.

அவர் மருமகளைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் தண்ணீர் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடிச்சேங்க" என்றார். "மயக்கம் தெளியன்னு அடிக்கலீங்க. அவரு முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. நட்டு பச்சை புடிச்ச பயிரு. இந்த வரப்புலேர்ந்து அந்த வரப்பு வரைக்கும் சுருட்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு. வயித்தெரிச்சல்ல உட்டேன் ஒண்ணு. அப்பறம்தான் ஆளு மேல ரத்தத்தப் பாத்தேன். பாவமாப் போயி இழுத்து வெளியில போட்டேன்."

"பயிரு பண்ணையோடதுன்னா உங்களுக்கு எதுக்கு வயித்தெரிச்சல்?" என்றார் தாசில்தார்.

மருதமுத்து கட்டின கையை அவிழ்த்தார்.

"பண்ணைப் பயிரா இருந்தா நான் ஏங்க அடிக்கப்போறேன்? கும்புட்டுல்ல தூக்கியிருப்பேன்."

பள்ளிக்கூடமே கொல்லென்று சிரித்தது. தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் பட்டது. பிறகு சாகுபடிதாரர் மருதமுத்து என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார். மேலே அப்பீல் போவோம் என்று காரியஸ்தர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. ஏனென்றால் அஞ்சலை அதற்குள் நாற்றங்காலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள், அவள் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் ஓடினார்கள்.

துரை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். என்ன சொன்னார், ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்றார். இந்தப் பயணத்திலேயே எனக்குக் கஷ்டமான மொழிபெயர்ப்பு அதுதான். ஒளிக்காமல் சொன்னேன். துரை கொஞ்ச நேரம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு குழந்தைகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் சொன்ன கதை போய்விட்டதே என்று எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருந்தது. அவரோ குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். இந்தக் கதைதான் அதைவிட நன்றாக இருக்கிறது என்றார். எழுந்து போய் மருதமுத்துவிடம், நன்றி சொல்ல வந்தேன், மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது, பயிரைக் கெடுத்துவிட்டேன் என்றார். மருதமுத்து இப்போது பின்னால் போகவில்லை. மறுநடவு போட்டோம், சுமாராத்தான் வெளஞ்சுது என்றார், இன்னமும் அந்தக் குறை தீராதவர் மாதிரி.

திரும்பிப் போகும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டோம். உழவு முடிந்து நடவு நடக்கும்வரை இருந்து பார்க்க வேண்டும் என்று துரை பிடிவாதம். நட்டு முடித்த சாயங்காலம் வயல் முழுக்கத் தண்ணீரும் பசுமையுமாக இருந்தது. தான் இறங்கின இடம் எது என்று பார்க்கும் ஆசையில் துரை ஷூவைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒரு காலை வயலுக்குள் வைத்தார்.

"யோவ் தொர, வரப்புல நில்லுய்யா" என்று ஒரு அதட்டல் போட்டார் மருதமுத்து.

என்ன சொன்னார் என்று கேட்கத் துரை என்னைப் பார்க்கவே இல்லை. காலை எடுத்து வரப்பில் வைத்துக்கொண்டு நேராக நின்றார்.